வழுக்காத லூப் பேண்ட் செய்யப் போய் மூன்றரை லட்சம் வழுக்கிய கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலுக்குப் பஞ்சமில்லை. ஒரு போன் போட்டால் செனெக்ஸ் (60 சதவீதமாகச் செறிவாக்கிய ரப்பர் பால்) பேரல் வாசலில் வந்து இறங்கும். பால் இருக்கிறது, ஒரு தொட்டி, ஒரு ஓவன், நாலு அச்சு, வேறென்ன வேண்டும் என்றுதான் இரண்டு பேர் சேர்ந்து உடற்பயிற்சி லூப் பேண்ட், அதாவது வளையமான ரப்பர் பட்டை, தயாரிப்பில் இறங்கினோம். வேறென்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள 13 மாதமும் 3,46,000 ரூபாயும் ஆனது. அத்தனையும் ‘வழுக்குது’ என்ற ஒரே புகாரைத் தீர்க்கப் போய்க் கரைந்த பணம். கையுறை, பலூன் செய்கிறவர்களிடம் கேட்டால் பால் பற்றி நிறையச் சொல்வார்கள். ஆனால் பிடிமானம் பற்றிக் கேட்டால் ‘பவுடரைக் குறைங்க’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் கணக்குகளை அப்படியே இங்கே வைக்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். தொடையிலோ கணுக்காலிலோ மாட்டும் சின்ன லூப் பேண்டின் சுற்றளவு 600 மி.மீ., அகலம் 50 மி.மீ. கனம்தான் இழுவையைத் தீர்மானிக்கும். சந்தையில் 0.35, 0.5, 0.7, 0.9, 1.1 மி.மீ. என்று ஐந்து நிறத்தில் செட்டாக விற்பார்கள். 600 சுற்றளவு வேண்டுமென்றால் அச்சின் விட்டம் 191 மி.மீ. நாங்கள் எடுத்தது 600 மி.மீ. நீள அலுமினிய உருளை. அதில் 570 மி.மீ. பாலில் முங்கும். மேலும் கீழும் 35 மி.மீ. கழிவு போக, நடுவில் 500 மி.மீ. தேறும், அதாவது பத்து பேண்ட். 0.5 மி.மீ. பேண்ட் ஒன்றுக்கு ரப்பர் 14 கிராம்தான் பிடிக்கும். இதைக் கேட்டதும் லாபக் கணக்கு போடத் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. இழுவைக் கணக்கையும் அப்போதே போட்டிருக்க வேண்டும். கந்தகம் சேர்ந்து சூட்டில் நன்றாக வெந்த பால்படலம் இரு மடங்கு நீளத்துக்கு இழுபடும்போது ஒரு சதுர மி.மீ.க்கு 0.7 நியூட்டன் அளவில் எதிர்க்கும். 0.5 மி.மீ. பேண்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 50 சதுர மி.மீ., ஆக 35 நியூட்டன், கிட்டத்தட்ட மூன்றரை கிலோ. கனம் 0.05 மி.மீ. மாறினால் இழுவை பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். மேலிருந்து பால் வடிந்து அடிப்பக்கம் தடிப்பதால் ஒரே அச்சின் முதல் பேண்டும் பத்தாவது பேண்டும் வேறு வேறு பேண்டாகிவிடும். அச்சைப் பாலிலிருந்து மெதுவாகத் தூக்கி, உடனே படுக்கையாகச் சாய்த்துச் சுழலவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

கலவை இதுதான். 60 சதவீதப் பால் 50 கிலோவில் உலர் ரப்பர் 30 கிலோ. அதற்கு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 600 கிராம், 20 சதவீத பொட்டாசியம் ஓலியேட் சோப்புக் கரைசல் 300 கிராம். இவை பாலைத் திரியாமல் காப்பவை, ஆகவே முதலில் இவற்றைத்தான் விட வேண்டும். பிறகு தண்ணீரோடு சேர்த்து 50 சதவீதக் குழம்பாக அரைத்த கந்தகம் 720 கிராம், ரப்பர் வேகமாக வேக உதவும் இசட்.டி.சி. 480 கிராம், துத்தநாக ஆக்சைடு 300 கிராம், ஆன்டி ஆக்சிடன்ட் 600 கிராம். கந்தகத்தை பால் மில்லில் குறைந்தது 48 மணி நேரம் அரையுங்கள். (இங்கே பால் என்றால் குண்டு. புதிதாகச் சேர்ந்த பையன் அதற்குள் ரப்பர் பாலை ஊற்றிவிட்டான், பாவம்.) அரைபடாத கந்தகத் துகள் படலத்தில் மஞ்சள் புள்ளியாக நிற்கும், பேண்ட் பிறகு அந்த இடத்தில்தான் கிழியும். கலந்ததை 80 மெஷ் வலையில் வடிகட்டி, நிமிடத்துக்கு 25 சுற்றுக்கு மேல் போகாமல் கிளறிக்கொண்டே 24 முதல் 48 மணி நேரம் முதிரவிட வேண்டும். முதிர்ந்ததா என்று பார்க்க குளோரோஃபார்ம் சோதனை போதும். சம அளவு பாலும் குளோரோஃபார்மும் கலந்தால் திரண்டு வரும் கட்டியை இழுத்துப் பாருங்கள். நூலாக நீண்டால் முதல் நிலை, பிசுபிசுப்பு இருந்தும் சட்டென்று அறுந்தால் இரண்டு, ஒட்டாமல் உதிரி உருண்டையாக வந்தால் மூன்று, பொடியாகிவிட்டால் நான்கு. முக்குவதற்கு இரண்டாம் நிலைதான் வேண்டும். ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே இசட்.டி.சி.க்குப் பதில் இசட்.பி.இ.சி. பக்கம் போய்விடுங்கள். புற்றுநோய் அபாயமுள்ள நைட்ரோசமின் பற்றி வெளிநாட்டு வாங்குநர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

அச்சை 55 டிகிரிக்குச் சூடாக்கி, பாலை உறையவைக்கும் 15 சதவீத கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, காயவைத்து, பிறகு பாலில் இறக்க வேண்டும். எங்கள் கலவையில் 40 விநாடி நிறுத்தினால் காய்ந்தபின் 0.5 மி.மீ. கிடைத்தது. 80 விநாடி நிறுத்தினால் 1 மி.மீ. வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் உறைந்த படலம் கால்சியம் வெளியே வருவதைத் தடுத்துக்கொண்டே போகும், கனம் இரட்டிக்க நேரம் நாலு மடங்காகும். ஆகவே 0.7க்கு மேல் இரண்டு முக்கு. இன்னொன்று, தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். இந்த அச்சு இறங்கும்போது 16 லிட்டர் அளவுக்குப் பால் மேலே ஏறும். முதல் நாள் அந்தப் பால் தரையில் உறைந்ததைச் சுரண்டி எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. முக்கியபின் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் லீச்சிங் (கரையக்கூடிய உப்பும் சோப்பும் வெளியேற ஊறவைப்பது), பிறகு 70 டிகிரியில் வெள்ளை நிறம் முழுக்கப் போகும்வரை உலர்த்தல், கடைசியாக 100 டிகிரியில் 40 நிமிடம் வேகவைத்தல். வெள்ளை மறையுமுன் 100க்கு ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. 3,000 பேண்ட் போனதில் 1,800 திரும்பி வந்தது. இழுவை சரி, நிறம் சரி, வியர்த்ததும் நழுவுகிறது என்றார்கள். 1,10,000 ரூபாய் போனது. அவமானம் அதைவிடப் பெரிது, ஏனென்றால் ரப்பர் வழுக்கும் என்று நாங்களே நம்பவில்லை. காரணம் எங்கள் கைவேலைதான். படலம் அச்சில் ஒட்டாமல் இருக்க கால்சியம் நைட்ரேட்டோடு கால்சியம் ஸ்டியரேட் கலந்திருந்தோம், உரித்தபின் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க டால்க் போட்டோம். இரண்டும் சேர்ந்து, தொடையைத் தொடும் உள்பக்கத்தில்தான் படிந்தன. வியர்வை பட்டதும் டால்க் குழம்பாகி எண்ணெய் போல வேலை செய்தது. ஸ்டியரேட் சோப்பு வகை, கழுவினாலும் எளிதில் போகாது. ஸ்டியரேட்டை நிறுத்திவிட்டு 5 சதவீத கால்சியம் கார்பனேட் தூளுக்கு மாறினோம். அது உரிப்பதற்கும் உதவும், பிறகு 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரண்டு நிமிடம் அலசினால் நுரைத்துக் கரைந்தும் போகும். கடைசியில் நல்ல தண்ணீரில் கழுவி எடுங்கள்.

அடுத்து செய்ததுதான் அசட்டுத்தனம். பிசுபிசுப்பாக இருந்தால் பிடித்துக்கொள்ளும் என்று கந்தகத்தைப் பாதியாக்கி, வேகும் நேரத்தையும் குறைத்தோம். கையில் எடுத்ததும் ஒட்டியது, ‘ஆகா’ என்றோம். மூன்று வாரத்தில் உறைக்குள்ளேயே பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் ரப்பரின் மேல்தோல் உரிந்தது. பயன்படுத்தியவர்களிடம் தூசி, முடி, நூல் எல்லாம் அப்பி, ஒரு வாரத்தில் வழுவழுப்பாகிவிட்டது. சரியாக வேகாத ரப்பர் இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. 600 மி.மீ. பேண்ட் ஒரு மாதத்தில் 640 ஆனது. 85,000 ரூபாய் குப்பைக்குப் போனது. பிசுபிசுப்பு வேறு, பிடிமானம் வேறு. முன்னது வேகாத ரப்பரின் குறை. மறுபக்கம், கந்தகமும் இசட்.டி.சி.யும் அளவுக்கு மீறினால் சில வாரங்களில் மேலே பூத்து வெள்ளைச் சாம்பல் போல் படியும், அதுவும் வழுக்கும். காற்றிலுள்ள ஓசோனால் ரப்பர் வெடிப்பதைத் தடுக்க மெழுகு சேர்க்கச் சொல்வார்கள். மெழுகு வேலை செய்வதே மேலே பூத்துப் படலமாவதால்தான், ஆகவே இந்தப் பொருளுக்கு அது ஆகாது.

இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அப்போதுதான் ஒரு சோதனைக் கருவி செய்தோம், முதல் நாளே செய்திருக்க வேண்டியது. 300 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. ஒரு முனையில் கீல் வைத்த பலகை, அதன்மேல் பேண்டை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து மாட்ட இரண்டு ஆணி, 200 கிராம் எடைக்கட்டியின் அடியில் ஒட்டிய மெல்லிய தோல் துண்டு, ஒரு கோணமானி. லிட்டருக்கு 5 கிராம் உப்பு கலந்த தண்ணீரைத் தெளித்துவிட்டு, பலகையை மெல்லத் தூக்கி, கட்டி நழுவும் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். டால்க் பூசிய பழைய பேண்டில் 22 டிகிரியிலேயே நழுவியது. கழுவிய வழவழப்பான பேண்ட் காய்ந்த நிலையில் 60 டிகிரி தாண்டியும் அசையவில்லை, உப்புத் தண்ணீர் தெளித்ததும் 30க்கு இறங்கியது. இதில்தான் எங்களுக்குக் கண் திறந்தது. காய்ந்த தோலுக்கு வழவழப்பான ரப்பரே நல்ல பிடி தரும். ஈரம் வந்தால் நடுவில் நீர்ப்படலம் நின்றுவிடும், அது ஓட வழி வேண்டும். வழி என்றால் வரிப்பள்ளம். இன்னொரு விஷயம், தளர்ந்த பேண்டை மேசையில் வைத்து விரலால் தேய்த்துப் பார்ப்பதில் பயனே இல்லை. வழுக்குவது இழுபட்டிருக்கும்போதுதான்.

பள்ளம் எந்தத் திசையில் என்பதில் மறுபடி பணத்தை விட்டோம். 16 அச்சிலும் மேலிருந்து கீழாக நேர்வரி வெட்டினோம். பேண்டில் அது குறுக்கு வரியாக விழும், பார்க்க டயர் போல அழகாக இருந்தது. இழுக்கும் திசைக்குக் குறுக்கே போகும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு வெட்டுக்காயம் மாதிரி. இழுக்கும்போது வாய் பிளந்து, இழுவை முழுக்க அதன் அடியில் குவியும். அறுந்த பேண்ட் எல்லாமே ஒரு வரியின் அடியில்தான் அறுந்திருந்தது. பொருளில் 70,000, அச்சு வெட்டியதற்கும் பிறகு லேத்தில் கடைந்து வழித்ததற்கும் 56,000 போனது. கடைந்ததில் விட்டம் 3 மி.மீ. குறைந்து சுற்றளவு 590 ஆகிவிட்டது, அளவையும் மாற்றி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து, பேண்ட் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்தோம். தொடையில் மாட்டிய லூப் தன் நீளவாக்கில் நழுவுவதில்லை. அகலவாக்கில்தான், தொடையில் மேலேறும் அல்லது முழங்காலை நோக்கி இறங்கும். அதைத் தடுக்க வேண்டிய வரி பேண்டின் நீளத்தோடு சுற்றிப் போகும் வரி. லேத்தில் அச்சைச் சுழற்றி உளியை வைத்தால் தானாக விழுவதும் அதுதான், செலவும் குறைவு. இழுக்கும் திசையோடு ஓடும் பள்ளத்தில் இழுவை குவியாது. இன்னொரு லாபமும் உண்டு. பேண்டை இரு மடங்கு இழுத்தால் அகலமும் கனமும் 0.7 மடங்காகச் சுருங்கும். சுற்றுவரியில் பள்ளத்தின் ஆழமும் வரிகளின் இடைவெளியும் சேர்ந்தே சுருங்குவதால் வடிவம் அப்படியே நிற்கும். குறுக்கு வரியிலோ இடைவெளி இரட்டிக்க, ஆழம் குறைய, வரி தட்டையாகிப் போகும். எங்கள் இப்போதைய அச்சில் பள்ளம் 0.3 மி.மீ. ஆழம், 1.5 மி.மீ. இடைவெளி, அடி உருண்டை, பக்கம் நன்றாக விரிந்த சரிவு. கூர்மையான அடி இருந்தால் காற்று சிக்கி ஊசித்துளை விழும், கால்சியம் தூளும் அங்கே தேங்கும். வெட்டியபின் அச்சை மணல்வீச்சில் லேசாகச் சொரசொரப்பாக்கினோம். உப்புத் தண்ணீரில் இப்போது 42 டிகிரி வருகிறது. கனத்தை அளக்கும்போது மேட்டை அளந்து ஏமாறாதீர்கள், இழுவைக்குக் கணக்காவது பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவிலான சராசரி.

கையில் பிடித்து இழுக்கும் நீளப் பட்டை வேறு சங்கதி. அது நீளவாக்கில்தான் கையிலிருந்து உருவும், சுற்றுவரி அதற்கு உதவாது. அங்கே கையுறைக்காரர்கள் செய்யும் உப்பு முறை சரிப்படும். அடிப்படலம் முழுக் கனத்துக்கு உறைந்து, ஈரம் காயாமல் இருக்கும்போதே 0.15 மி.மீ. மேல்படலம் ஒன்று முக்கி, அதன் ஈரத்தின்மேல் சலித்த உப்பைத் தூவ வேண்டும். உப்பு பட்ட இடத்தில் பால் அப்படியே உறைந்து, வெந்தபின் வெந்நீரில் அலசினால் உப்பு கரைந்து குழிகள் மிஞ்சும். குழிகளுக்கு ஒழுங்கான திசை இல்லை, அடிப்படலத்தையும் தொடாது, அதனால் கிழிசல் குறைவு. அயோடின் கலக்காத தூத்துக்குடி உப்பை 150 முதல் 300 மைக்ரான் வரை சலித்து எடுங்கள். நாங்கள் சலிக்காமல் தூவி, பெரிய கல் அடிப்படலம் வரை இறங்கி ஓட்டை போட்டது. இன்னொரு லாட்டில் அலசல் போதாமல் மீந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஐப்பசி மழையில் பட்டையெல்லாம் நசநசத்தது. இதில் 25,000. அடிப்படலத்தை உலர்த்திவிட்டு மேல்படலம் முக்கினால் அது வெங்காயத்தோல் போல உரிந்து வரும்.

பவுடர் இல்லையென்றால் பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், அதற்குக் குளோரினேஷன் செய்யச் சொல்வார்கள். குளோரின் ரப்பரின் மேல்தோலைக் கெட்டியாக்கி வழவழப்பாக்கும், அதாவது பிடியைக் கொல்லும். வழி என்னவென்றால், உரிப்பதற்கு முன் அச்சோடு சேர்த்தே குளோரின் கரைசலில் முக்குவது. வெளிப்பக்கம் மட்டும் மாறும், அச்சோடு ஒட்டியிருக்கும் உள்பக்கம் தப்பிக்கும். 500 பி.பி.எம்., ஒரு நிமிடம், பிறகு சோடியம் தயோசல்பேட் கரைசலில் அலசல். அதிகமானால் மேல்தோல் மஞ்சளித்து, இழுக்கும்போது பொடிப்பொடியாக வெடிக்கும். மூடிய தொட்டியும் எக்ஸாஸ்டும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். உள்பக்கம் உள்பக்கத்தோடு ஒட்டாமல் இருக்க மடிப்புக்குள் ஒரு பாலிதீன் துண்டு வைத்தால் போதும்.

சில்லறையாகத் தெரியும் சில காரியங்கள். வெட்டும் பிளேடை 200 வெட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சோப்புத் தண்ணீர் விட்டே வெட்டுங்கள், விளிம்பில் விழும் சின்னக் கீறல்தான் பின்னால் கிழிசலாகும். பால் போகும் வழியில் பித்தளை வால்வு வேண்டாம். செம்பு இசட்.டி.சி.யோடு சேர்ந்து பழுப்புக் கறை தரும், ரப்பரையும் நாள்பட அழுக வைக்கும். ஆயுள் பார்க்க கார் வைப்பர் மோட்டார் ஒன்றில் பேண்டை மாட்டி இரண்டரை மடங்குக்கு இழுத்து இழுத்து விட்டோம். நிமிடத்துக்கு 40 சுற்று, ஒரு நாளில் 57,600 இழுப்பு. அதோடு 70 டிகிரி ஓவனில் ஏழு நாள் வைத்து எடுத்த பேண்டையும் அதே மோட்டாரில் மாட்டிப் பாருங்கள், எத்தனையோ குறை அப்போதுதான் தெரியும். ‘வழுக்குது’ என்று வரும் புகாரில் ஒரு பகுதி உண்மையில் சுருண்டுகொள்ளும் புகார் என்பதையும் கவனியுங்கள். பேண்ட் தொடையில் கயிறாகச் சுருண்டால் அதற்கு வரி தீர்வாகாது, அகலத்தை 75 மி.மீ. ஆக்குவதுதான் தீர்வு.

வரிப் பேண்ட் சந்தைக்குப் போனபின் திரும்பி வந்தவற்றில் ஒன்று மட்டும் எங்களைக் குழப்பியது. அகலமாக உப்பி, கொழகொழவென்று ஒரு பேண்ட். கலவையை மூன்று நாள் சோதித்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. முகர்ந்து பார்த்த பேக்கிங் அக்காதான் சொன்னார், ‘இது தேங்கா எண்ண வாசமில்லா.’ இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். இப்போது ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு வைக்கிறோம்: எண்ணெயோ லோஷனோ தடவிய காலில் மாட்ட வேண்டாம், சாதாரண தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், ஆணியில் இழுத்து மாட்டி வைக்க வேண்டாம், ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பயன்படுத்த வேண்டாம்.